புண்ணும் தூய்மையும்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றிற் பல்கலைக் கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் இலக்கியமும் பேசப்படும் இந்த மேடையிலே, புண்ணைப் பற்றியும் சீழைப் பற்றியும் பேசுவதற்கு ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். வயதிலும் அறிவிலும் மூத்தோர் பலர் கூடியிருக்கும் சபையிலே மாணவனாகிய நான் பெரிதாக எதையும் கூறிவிடப் போவதில்லை. ஆயினும் சங்கத்தார் அன்போடு பணித்தமையால், நான் கற்றும் கேட்டும் அறிந்த ஒரு சரித்திரத்தை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அது மனிதர் தம் கையைக் கழுவக் கற்றுக்கொண்ட சரித்திரம்.

கை கழுவுவதற்கும் ஒரு சரித்திரமா என்று நீங்கள் நகைக்கக் கூடும். இன்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம் இது. ஆனால், இதனைக் கல்வியிற் சிறந்த ஐரோப்பிய வைத்தியப் பேராசிரியர்கள் ஏற்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த மறுப்பினால் ஆயிரக்கணக்கான தாய்மார் பிரசவ விடுதிகளிலே உயிர் துறந்தனர். அவர்கள் மறுத்ததற்குக் காரணம் அறிவின்மை மாத்திரந்தானா? அல்லது வேறு ஏதும் இருந்ததா? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

முன்னோர் கண்ட மருந்துகள்

புண் மனிதனோடு கூடப் பிறந்தது. காட்டிலே வேட்டையாடியவனுக்கும், வயலிலே மண்வெட்டி பிடித்தவனுக்கும், போர்க்களத்திலே நின்றவனுக்கும் அது பொதுவானது. ஆகவே புண்ணை ஆற்றும் முயற்சியும் மிகப் பழையது. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டிலே எழுதப்பட்ட வைத்தியச் சுவடி ஒன்று, புண்ணின் மேல் தேனையும் கொழுப்பையும் பஞ்சினால் வைத்துக் கட்டும்படி கூறுகின்றது. தேனிலே சர்க்கரை மிகுதி. அது கிருமியின் உடலிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். தேனுக்குச் சிறிது அமிலத் தன்மையும் உண்டு. இக்காரணங்களை எகிப்தியர் அறியார். ஆனால், தேனிட்ட புண் ஆறியதை அவர்கள் கண்ணாரக் கண்டனர்.

கிரேக்க வைத்தியர் புண்ணைத் திராட்ச ரசத்தினாற் கழுவினர். நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே வேதாகம வகுப்பிற் கேட்ட நல்ல சமாரியன் கதையிலும், வழியிலே காயப்பட்டுக் கிடந்தவனுடைய புண்களில் எண்ணெயும் திராட்ச ரசமும் வார்த்துக் கட்டியதாகச் சொல்லப்படுகின்றது. கதை தருமத்தைப் போதிக்க வந்தது. ஆயினும் அக்காலத்து வைத்திய முறையையும் நமக்குக் காட்டிவிடுகின்றது.

நமது பாரத நாட்டுச் சுசுருத சங்கிதையோ புண்ணுக்கு அறுபது வகைப் பரிகாரங்களைக் கூறுகின்றது. நோயாளி கிடக்கும் அறைக்குக் கடுகு, வேப்பிலை முதலியவற்றாற் புகையிட வேண்டும் என்றும், வைத்தியன் நகத்தையும் மயிரையும் குறைத்து, தூய்மையுடையவனாய், வெள்ளாடை உடுத்திருக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. இதனைப் படிக்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆனால், உடனே, "எங்கள் முன்னோர் கிருமியை அன்றே அறிந்திருந்தனர்" என்று மேடையேறி முழங்கிவிடுவது நேர்மையாகாது. அவர்கள் கிருமியை அறிந்திலர். தூய்மையின் பயனை அறிந்திருந்தனர். அந்த அளவிலே அவர்களைப் போற்றுவதே அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. புண்ணைத் தூய்மையாக வைத்தால் ஆறும் என்ற அநுபவம் உலகின் பல திசைகளிலும் பண்டுதொட்டே இருந்து வந்தது. அவ்வாறாயின், அந்த அநுபவம் இடையிலே எங்கே போயிற்று?

"நல்ல சீழ்" என்ற கொள்கை

ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகளாக ஒரு விபரீதமான கொள்கை நிலவியது. புண் ஆற வேண்டுமாயின் அது முதலிற் சீழ் கட்ட வேண்டும் என்பதே அது. தடித்து வெண்மையாக வரும் சீழை "நல்ல சீழ்" என்று வைத்தியர் புகழ்ந்தனர். அது வராவிட்டால், வரவழைப்பதற்கு மருந்தும் இட்டனர்.

இக்கொள்கை முழு மூடத்தனத்திலே பிறந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். தடித்த சீழ் கட்டிய நோயாளி பெரும்பாலும் பிழைத்தான். ஏனெனில் அவனுடைய நோய் ஓரிடத்தில் அடங்கி நின்றது. நீர்போல மெல்லிய, நாற்றமுள்ள ஊனம் வடிந்தவனோ பெரும்பாலும் இறந்தான். அவனுக்கு நஞ்சு உடலெங்கும் பரவிக்கொண்டிருந்தது. இவ்விருவரையும் ஒப்பிட்ட வைத்தியர், சீழே பிழைப்பித்தது என்று முடிவு செய்தனர். சீழே இல்லாத மூன்றாமவன் ஒருவன் இருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அளவையிலே நேரும் இத்தகைய பிழை இன்றும் நம்மிடையே குறைவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இத்தாலி நாட்டிலிருந்த தியோதோரிக் என்னும் சத்திர வைத்தியர் இக்கொள்கையை எதிர்த்தார். அவர் ஒரு மேற்றிராணியாருமாவார். புண்ணைத் திராட்ச ரசத்தினாற் கழுவி, உள்ளிருக்கும் அழுக்கை நீக்கி, ஓரங்களைச் சேர்த்துக் கட்டினால், சீழின்றியே ஆறிவிடும் என்று அவர் எழுதினார். அவர் சொன்னது உண்மை. ஆனால், பழைய நூல்களின் பெருமைக்கு முன்னே அவர் குரல் எடுபடவில்லை.

அவருக்குப் பின் வந்தவருள் அம்புரோஸ் பரே என்னும் பிரான்சு நாட்டவரை நாம் மறக்கலாகாது. 1537 ஆம் ஆண்டிலே, இளைஞராயிருந்த பரே படையோடு இத்தாலிக்குச் சென்றார். துப்பாக்கிக் குண்டுபட்ட புண் வெடிமருந்தினால் நஞ்சேறியது என்றும், அதிலே கொதிக்கும் எண்ணெயை ஊற்ற வேண்டும் என்றும் அக்காலத்து நூல்கள் கூறின. பரேயும் அவ்வாறே செய்து வந்தார். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சட் கருவையும் ரோசா எண்ணெயையும் தேர்ப்பந்தைலத்தையும் கலந்து எஞ்சியவர்களுக்குப் பூசினார். அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் விடியுமுன் இறந்து கிடப்பார்களோ என்று அஞ்சினார். அதிகாலையில் எழுந்து சென்று பார்த்தபோது, களிம்பு பூசப்பட்டவர்கள் நோவு குறைந்து உறங்கியிருந்தனர்; கொதியெண்ணெய் பெற்றவர்களோ காய்ச்சலும் வீக்கமுமாய்த் துடித்துக்கொண்டிருந்தனர். அன்றோடு அக்கொடிய வழக்கத்தை அவர் விட்டொழித்தார். நூல் சொன்னதைவிடக் கண் கண்டதை நம்பினார். அதுவே அவருடைய பெருமை.

பெரிய வைத்தியசாலைகள்

இனிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஐரோப்பிய நகரங்களிலே மாபெரும் வைத்தியசாலைகள் எழுந்தன. 1846 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்து சத்திர சிகிச்சையிற் பகிரங்கமாகப் பயன்படுத்திக் காட்டப்பட்டது. நோவு அறியாமல் அறுக்கலாம் என்றானபின், முன்னர் அறுக்கத் துணியாத இடங்களையும் அறுத்தனர். ஆனால், அறுத்தவர் அதே கறை படிந்த மேலங்கியோடு ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் சென்றார். மேலங்கியிலே உறைந்திருந்த இரத்தம் அநுபவத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. ஒருவன் புண்ணைத் துடைத்த கடற்பஞ்சு மற்றவன் புண்ணையும் துடைத்தது.

இதன் பயன் என்ன? எடின்பரோவிலிருந்த சேர் ஜேம்ஸ் சிம்ப்சன் 1869 ஆம் ஆண்டிலே ஒரு கணக்கு வெளியிட்டார். பெரிய வைத்தியசாலைகளிலே கை அல்லது கால் துணிக்கப்பட்ட 2,089 பேரில் 855 பேர் இறந்தனர். கிராமப் புறங்களிலே அதே சிகிச்சை பெற்ற 2,098 பேரில் இறந்தவர் 226 பேரே. அதாவது, பேராசிரியரும் உபகரணமும் நிறைந்த மாளிகையிலே நூற்றுக்கு 41 பேர் மாண்டனர். குடிசையின் மேசையிலே கிடத்தி அறுக்கப்பட்டவருள் நூற்றுக்கு 11 பேர் மாண்டனர். நோய் தீர்க்கக் கட்டிய வீடே நோயைப் பரப்பும் வீடாக மாறிவிட்டது.

வியன்னாவிலே நிகழ்ந்தது

இந்தச் சோகத்தை எல்லாவற்றிலும் தெளிவாகக் காட்டுவது வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையிலே நிகழ்ந்த சம்பவமாகும். அதனைச் சற்று விரிவாகக் கூற அனுமதிக்க வேண்டும்.

அவ்வைத்தியசாலையின் பிரசவ விடுதி இரு பிரிவுகளாக இருந்தது. 1840 களின் தொடக்கத்திலிருந்து முதலாம் பிரிவிலே வைத்திய மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவிலே மருத்துவிச்சித் தொழில் கற்கும் பெண்கள் பயின்றனர். ஒருநாள் வரும் கர்ப்பிணிகள் ஒரு பிரிவிலும், மறுநாள் வருவோர் மறு பிரிவிலுமாக மாறிமாறிச் சேர்க்கப்பட்டனர். ஒரே கூரை, ஒரே உணவு, ஒரே வகைப் பெண்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1841 முதல் 1846 வரையுள்ள ஆறு ஆண்டுகளில் முதலாம் பிரிவிலே 20,042 பிரசவங்கள். இறந்த தாய்மார் 1,989 பேர். இரண்டாம் பிரிவிலே 17,791 பிரசவங்கள். இறந்தோர் 691 பேர். ஒன்றிலே நூற்றுக்குப் பத்து. மற்றதிலே நூற்றுக்கு நான்கு. இவர்களைக் கொன்றது பிரசவக் காய்ச்சல்.

நகரத்து ஏழைப் பெண்களுக்கு இச்செய்தி தெரிந்திருந்தது. முதலாம் பிரிவிலே சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் முழந்தாளிட்டு மன்றாடினர். வரும் வழியில் வீதியிலேயே பிள்ளை பெற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. வீதியிலே பெற்றவர்களுக்கு அக்காய்ச்சல் அருமையாகவே கண்டது. பேராசிரியர் அறியாத உண்மையைப் பாமரப் பெண்கள் தம் அச்சத்தினாலே அறிந்திருந்தனர் அல்லவா?

1846 ஆம் ஆண்டிலே இக்னாஸ் செமல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு இளைஞர் அங்கே உதவி வைத்தியராக நியமனம் பெற்றார். அவருக்கு அப்போது வயது 28. பிறர் விதியென்றும் காற்றின் தோஷமென்றும் சொல்லி அமைந்திருந்த காரியம் அவரை உறங்க விடவில்லை. இரு பிரிவுக்குமுள்ள வேறுபாட்டை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். காற்று இரண்டுக்கும் ஒன்றே. நெருக்கமோ இரண்டாம் பிரிவிலேதான் அதிகம். மரணத் தறுவாயிலிருப்போர்க்கு வரும் குருவானவர் முதலாம் பிரிவின் ஊடாக மணியடித்துச் செல்வதனால் உண்டாகும் அச்சமே காரணம் என்றனர் சிலர். குருவானவரை வேறு வழியாக மணியோசையின்றி வரச் செய்தார், மரணம் குறையவில்லை. பிரசவிக்கும்போது பெண்களைக் கிடத்தும் நிலையை மாற்றினார், அப்போதும் குறையவில்லை.

1847 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அவருடைய நண்பரும் பேராசிரியருமாகிய கொலெச்கா இறந்தார். பிரேத பரிசோதனை செய்யும்போது மாணவன் ஒருவனுடைய கத்தி அவர் விரலிலே பட்டுவிட்டது. அந்தச் சிறு காயத்திலிருந்து நஞ்சு பரவி அவர் மாண்டார். அவருடைய உடலைச் சோதித்த குறிப்பைப் படித்த செமல்வைஸ் திடுக்கிட்டார். பிரசவக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடலிலே தாம் கண்ட குறிகள் யாவும் அங்கே இருந்தன. நோய் ஒன்றாயின் காரணமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கொலெச்காவின் உடலிலே பிணத்தின் அழுக்கைப் புகுத்தியது கத்தி. தாய்மாரின் உடலிலே அதனைப் புகுத்தியது எது?

விடை அவர் கண் முன்னேயே இருந்தது. மாணவரும் வைத்தியரும் காலையிலே பிணங்களை அறுத்துச் சோதித்தனர். பின்னர் அதே கையோடு பிரசவ விடுதிக்கு வந்து கர்ப்பிணிகளைப் பரிசோதித்தனர். மருத்துவிச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. வேறுபாடு இதுவே. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1820 களுக்கு முன், மாணவர்கள் பிரேத பரிசோதனையிலே ஈடுபடாத காலத்தில், அங்கே நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இறந்தனர். பிணத்தை அறுத்து அறிவு வளர்ந்தது. அந்த அறிவைத் தேடிய கையே மரணத்தையும் சுமந்து சென்றது.

மாணவர்கள் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் இல்லை. ஆனால், கழுவிய பின்னும் பிணவாடை கையிலே நின்றது. வாடை நிற்கும் வரை அழுக்கும் நிற்கும் என்று கருதிய செமல்வைஸ், 1847 மே மாத நடுவிலே, வெளிற்றும் தூள் கரைத்த நீரிலே ஒவ்வொருவரும் கை கழுவிய பின்னரே விடுதியினுள் நுழைய வேண்டும் என்று விதித்தார். ஏப்பிரல் மாதத்திலே 312 பிரசவங்களில் 57 தாய்மார் இறந்திருந்தனர். யூன் மாதத்திலே 268 பிரசவங்களில் இறந்தவர் ஆறு பேர். அடுத்த ஆண்டு முழுவதும் 3,556 பிரசவங்களில் இறந்தவர் 45 பேர். அதிலும் மார்ச்சு, ஓகஸ்ட் ஆகிய இரு மாதங்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. பிணம் மாத்திரமன்றி, உயிரோடிருக்கும் நோயாளியின் அழுகும் புண்ணும் இதே தீங்கைச் செய்யும் என்பதையும் அவர் விரைவிற் கண்டார். புற்றுநோய்ப் புண்ணுடைய ஒரு பெண்ணைச் சோதித்த கையோடு அடுத்துச் சோதிக்கப்பட்ட பன்னிருவரில் பதினொருவர் இறந்தபோது அது வெளியாயிற்று.

உண்மை ஏன் ஏற்கப்படவில்லை?

இத்தகைய கணக்கைக் கண்டபின் உலகம் அவரைத் தலைமேற் கொண்டிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. நண்பர் சிலர் துணை நின்றனர். மேலதிகாரியின் ஆதரவு கிட்டவில்லை. 1850 ஆம் ஆண்டிலே மனம் கசந்து வியன்னாவை விட்டுத் தாய்நாடு திரும்பினார். அங்கே பெஸ்ற் நகரத்து வைத்தியசாலையிலே ஆறாண்டுகளில் 933 பிரசவங்களுக்கு எட்டு மரணங்கள் என்னும் அளவுக்குக் காய்ச்சலை அடக்கினார். ஆயினும் பெரும் பேராசிரியர்கள் அசையவில்லை.

இதிலே செமல்வைசின் பங்கும் உண்டு. தமது ஆராய்ச்சியை நூலாக எழுதி வெளியிட 1861 ஆம் ஆண்டு வரை தாமதித்தார். எழுதியபோதும் பொறுமையிழந்து, எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களிலே சாடினார். மேலும், கையிலே ஒட்டியிருந்தது எது என்பதை அவராலும் காட்ட முடியவில்லை. கிருமிக் கொள்கை அன்று நிலைபெறவில்லை.

ஆனால், இவை மாத்திரமே காரணம் என்றால், அவருக்கு முன் வந்தவர்களின் கதி என்ன? ஸ்கொட்லாந்திலே அபடீன் நகரிலிருந்த அலெக்சாந்தர் கோடன் என்னும் வைத்தியர், 1795 ஆம் ஆண்டிலேயே, பிரசவக் காய்ச்சல் எந்த மருத்துவிச்சியிடமிருந்து எந்தத் தாய்க்குச் சென்றது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டினார். அதனைப் பலருக்குக் கொண்டு சென்றவருள் தாமும் ஒருவர் என்று ஒளியாது எழுதினார். ஊரார் அவரை வெறுத்தனர். அவர் ஊரைவிட்டு மீண்டும் கடற்படையிற் சேர்ந்தார். 1843 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலே ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பவர் இதே கருத்தை வெளியிட்டார். பிலடெல்பியாவிலிருந்த பேராசிரியர் சாள்ஸ் மெக்ஸ் அதனை மறுத்தபோது கூறிய நியாயத்தைக் கேளுங்கள்: வைத்தியர்கள் கனவான்கள், கனவான்களின் கைகள் சுத்தமானவை என்பதே அது!

அன்பர்களே, நோயின் காரணம் காற்று என்றால் எவரும் வருந்த வேண்டியதில்லை. கிரகம் என்றாலும், விதி என்றாலும், தாயின் பலவீனம் என்றாலும் அப்படியே. ஆனால், காரணம் உன் கை என்று ஒருவன் சொல்லும்போது, கேட்பவன் தான் பிரசவம் பார்த்து இறந்துபோன ஒவ்வொரு தாயையும் நினைக்க வேண்டியவனாகின்றான். யேர்மனியிலே கீல் நகரத்துப் பேராசிரியர் மிக்காயெலிஸ் அவ்வாறு நினைத்தார். தாம் பிரசவம் பார்த்த உறவுப் பெண் ஒருத்தி அக்காய்ச்சலால் இறந்ததற்குத் தமது கையே காரணம் என உணர்ந்து, அத்துயரம் தாங்காது 1848 ஆம் ஆண்டிலே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வளவு பாரமான உண்மை அது. அதனைச் சுமக்க மாட்டாமற் பலர் கண்ணை மூடிக்கொண்டனர். மூடிய ஒவ்வோர் ஆண்டும் தாய்மார் மாண்டனர். ஆகவே, குறைந்தது அறிவு மாத்திரமன்று. தன் கையைத் தானே ஐயுறும் துணிவும் குறைந்தது.

செமல்வைசின் முடிவும் சோகமானது. 1865 ஆம் ஆண்டு மனநிலை குலைந்தவரென்று வியன்னாவிலே ஒரு விடுதியில் அடைக்கப்பட்டார். ஏறக்குறைய இரு வாரங்களில், ஓகஸ்ட் 13 ஆம் நாள், புண்ணொன்றிலிருந்து பரவிய நஞ்சினாலேயே இறந்தார். எந்த நோயை எதிர்த்துப் போராடினாரோ அதே இனத்து நோய் அவரையும் கொண்டுபோயிற்று.

லிஸ்ரரின் வெற்றி

அதற்கு முதல் நாள், ஓகஸ்ட் 12 ஆம் நாள், கிளாஸ்கோ நகரத்து வைத்தியசாலையிலே ஒரு சிறுவன் கிடத்தப்பட்டிருந்தான். ஜேம்ஸ் கிறீன்லீஸ் என்னும் அச்சிறுவனுக்கு வயது பதினொன்று. வண்டிச் சில்லு ஏறிக் கால் முறிந்து எலும்பு தோலைக் கிழித்திருந்தது. இத்தகைய முறிவு அக்காலத்திற் பெரும்பாலும் காலையோ உயிரையோ பறித்துவிடும். யோசேப் லிஸ்ரர் என்னும் சத்திர வைத்தியர் அப்புண்ணைக் காபோலிக் அமிலத்தில் தோய்த்த துணியினாற் கட்டினார். நான்கு நாள் கழித்து அவிழ்த்தபோது நாற்றமுமில்லை, சீழுமில்லை. ஆறு வாரங்களிற் சிறுவன் குணமடைந்தான்.

பால் புளிப்பதும் பண்டம் அழுகுவதும் நுண்ணுயிர்களாலேயே என்று பிரான்சிலே லூயி பாஸ்ரர் காட்டியிருந்தார். பண்டத்தை அழுக வைப்பதே புண்ணையும் அழுக வைக்கின்றது என்று லிஸ்ரர் ஊகித்தார். கார்லைல் நகரத்திலே சாக்கடையின் நாற்றத்தைப் போக்கக் காபோலிக் அமிலம் இடப்பட்ட செய்தி அவருக்குத் துணையாயிற்று. 1864 முதல் 1866 வரை அவயவம் துணிக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். புதிய முறையைக் கையாண்ட பின் 1867 முதல் 1869 வரை 40 பேரில் ஆறு பேரே இறந்தனர். அழுகலெதிரி என்று நாம் இன்று வழங்கும் மருந்துகளின் காலம் இவ்வாறு தொடங்கிற்று. 1879 ஆம் ஆண்டிலே பாஸ்ரர், பிரசவக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியைச் சங்கிலி போலக் கரும்பலகையிலே வரைந்து காட்டினார். கையிலே ஒட்டியிருந்தது இன்னதென்று அப்போது உலகம் கண்டுகொண்டது.

லிஸ்ரரிடம் நாம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. காற்றிலுள்ள கிருமியைக் கொல்லவென்று காபோலிக் அமிலத்தைப் புகார்போலத் தெளிக்கும் கருவி ஒன்றை அவர் பல்லாண்டு பயன்படுத்தினார். அது வேண்டியதன்று எனத் தெளிந்தபோது, 1890 ஆம் ஆண்டிலே பெருஞ்சபையின் முன் அதனைக் கைவிட்டதாக அறிவித்தார். புகழின் உச்சியிலிருந்த ஒருவர் தாம் கொண்டதைத் தாமே திருத்திக்கொள்வது எளிய காரியமா?

நம் நாட்டை நோக்கி

இனி நம்மை நோக்குவோம். வியன்னாவிலே கை கழுவும் விதி பிறந்த அதே 1847 ஆம் ஆண்டிலேதான், டாக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அவர் மானிப்பாயிலே தமிழ் மாணவருக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். லிஸ்ரரின் கட்டுரைகள் இங்கிலாந்திலே வெளியான அதே 1867 ஆம் ஆண்டிலே, "இரண வைத்தியம்" என்னும் அவருடைய தமிழ் நூல் வெளிவந்தது. அதற்கு மூலமான ஆங்கில நூல் லிஸ்ரருக்கு முந்தியது. ஆயினும் உலகிலே பெருமாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், அத்துறையைத் தமிழிலே படிக்கும் வாய்ப்பு நம்மவருக்கு இருந்தது என்பது நினைக்கத் தக்கது.

நம்மிடையே வேறோர் வழக்கமும் உண்டு. செத்த வீட்டுக்குச் சென்று வந்தவர் முழுகாமல் வீட்டினுள் நுழைவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டிலும் துடக்குக் காக்கின்றோம். வியன்னா மாணவர்கள் நமது பாட்டிமாரின் இந்த விதியைப் பின்பற்றியிருந்தால் எத்தனை தாய்மார் பிழைத்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகின்றது. ஆனால் இங்கும் நேர்மை வேண்டும். காரணம் அறியாத ஆசாரம் பாதி வழியிலே நின்றுவிடும். துடக்குக் காத்த வீடுகளிலேயே, நெருப்பிற் காட்டாத கத்தியினால் தொப்புட் கொடியை அறுத்ததனால் ஏற்பு வலி கண்டு இறந்த சிசுக்கள் பல நாடுகளிலும் உண்டு. முழுகிய உடம்பு தூய்மை, கத்தியோ அழுக்கு! ஆசாரத்தை இகழ்வதும் வேண்டாம், அதனைக் காட்டி மார்தட்டுவதும் வேண்டாம். அதன் உட்பொருளை அறிந்து, அது செல்லாத இடத்துக்கும் அதனைக் கொண்டுசெல்வோம்.

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 2009 ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம், வைத்தியசாலைகளிற் கை சுத்தம் பேணுவது பற்றி விரிவான நெறிமுறைகளை வெளியிட வேண்டியிருந்தது. செமல்வைஸ் சொல்லி 160 ஆண்டுகள் கழிந்த பின்னும்! 2020 ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றுப் பரவியபோது, கடைவாசல் தோறும் நீர்க்குழாயும் சவர்க்காரமும் வைத்ததை நாம் கண்டோம். தொற்றுத் தணிந்ததும் அவற்றிற் பல வறண்டு போனதையும் கண்டோம். கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் பல நம்மிடம் உண்டு. ஆனால், அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகி வருகின்றன. அவற்றையும் கழுவிய கை தடுத்து நிறுத்தும்.

எனவே இச்சங்கத்து இளைஞர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். திருவிழாக் காலத்திலே அன்னதானத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் முன்னின்று தொண்டு செய்பவர்கள் நீங்கள். முதலுதவிப் பெட்டியும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கும். உணவைத் தொடுமுன்னும், பிறர் காயத்தைத் தொடுமுன்னும், தொட்ட பின்னும் கை கழுவுவதை ஒரு விரதமாகக் கொள்ளுங்கள். அடுத்தவன் கழுவாவிட்டால் அன்போடு சொல்லுங்கள். உங்களை நோக்கி அடுத்தவன் சொன்னால் கோபியாது கேளுங்கள். கேட்பதுதான் இரண்டிலும் கடினமானது என்பதற்கு வியன்னாவிலே மாண்ட தாய்மார் சாட்சி.